கேபிளின் மறுமுனையில் லினக்ஸ்

இரண்டு மடிக்கணினிகளுக்கு நடுவே ஒரு யூஎஸ்பி கேபிளைச் செருகினால் ஒன்றில் இருப்பதை இன்னொன்றுக்கு அள்ளிக்கொள்ளலாமே என்று ஒருமுறையாவது நினைக்காதவர்கள் குறைவு. போனைச் செருகினால் அதன் படங்கள் கணினியில் தெரிகின்றன. கணினியைக் கணினியில் செருகினால் மட்டும் ஏன் ஒன்றும் நடப்பதில்லை? ஆண்ட்ராய்டு போனுக்குள் ஓடுவது லினக்ஸ் கெர்னல்தான்; என் மடிக்கணினியில் ஓடுவதும் அதுதான். ஒரே கெர்னல் ஓரிடத்தில் சாதனமாக அடங்கி உட்காருகிறது, இன்னோரிடத்தில் கையை விரிக்கிறது.

லினக்ஸ் கணினியை யூஎஸ்பி சாதனமாக மாற்றுவது பற்றி எழுதப்படும் செய்முறைகள் பெரும்பாலும் நடுவிலிருந்து தொடங்குகின்றன. இந்தக் கட்டளையைத் தட்டு, இந்தக் கோப்பைத் திருத்து என்று போகின்றன. நடுவில் இருப்பது கெர்னலின் வேலை. அதைக் கெர்னல் எழுதியவர்கள் நன்றாகவே முடித்து வைத்திருக்கிறார்கள். இடறுவதெல்லாம் இரண்டு ஓரங்களில்தான். ஒரு ஓரம், கேபிள் வந்து சேரும் சிப். இன்னொரு ஓரம், எதிரே இருக்கும் கணினி நாம் சொல்வதை நம்புகிறதா என்பது.

முதலில் யூஎஸ்பியின் குணத்தைச் சொல்லிவிட வேண்டும். 1996 ஜனவரியில் முதல் பதிப்பு வந்தபோதே இது சமமானவர்களின் உரையாடலாக வகுக்கப்படவில்லை. ஒரு பக்கம் ஹோஸ்ட், மறுபக்கம் சாதனம். பேச்சைத் தொடங்குவது எப்போதும் ஹோஸ்ட்தான். விசைப்பலகையில் ஒரு விசையை அழுத்தியதும் அது கணினிக்குத் தகவல் அனுப்புகிறது என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். உண்மையில் கணினி சில மில்லிநொடிக்கு ஒருமுறை "ஏதாவது உண்டா?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறது, விசைப்பலகை அதற்குப் பதில்தான் சொல்கிறது. கேட்காமல் வாய் திறக்க அதற்கு உரிமை கிடையாது. அதே காலத்து ஃபயர்வயரில் இரண்டு கருவிகள் நேருக்கு நேர் பேசிக்கொள்ள முடிந்தது. யூஎஸ்பி வேண்டுமென்றே அதைத் தவிர்த்தது. மூளை வேலை முழுவதையும் கணினியின் தலையில் கட்டிவிட்டால் மவுஸும் பிரிண்டரும் மலிவாக இருக்கும் என்பது கணக்கு. பலித்த கணக்குதான்.

இந்தச் சமமின்மை சிப்பிலேயே பதிந்திருக்கிறது. மேசைக்கணினி, மடிக்கணினிகளில் இருக்கும் யூஎஸ்பி கன்ட்ரோலர் கேள்வி கேட்க மட்டும் படித்தது. பதில் சொல்லும் பக்கத்துக்கு யூடிசி எனப்படும் சாதனக் கன்ட்ரோலர் வேண்டும். அது இல்லாத கணினியில் எந்த மென்பொருளைப் போட்டாலும் பயனில்லை. இருபுறமும் தட்டை முனை உள்ள கேபிளை வாங்கி இரண்டு கணினிகளையும் இணைத்தால் இரண்டு பக்கமும் 5 வோல்ட்டைத் தள்ளிக்கொண்டு நிற்கும். நல்லவேளையாகப் பல போர்ட்டுகள் தம்மைக் காத்துக்கொள்கின்றன. எல்லாம் அப்படி என்று உத்தரவாதம் தர நான் தயாரில்லை.

விதிவிலக்குகள் உண்டு. யூஎஸ்பி 3 கன்ட்ரோலர்கள் பலவற்றில் பிழைதிருத்தத்துக்கென்றே ஒரு பக்கவாசல் இருக்கிறது. அதற்குரிய கேபிளை மாட்டினால் சாதாரணக் கணினியும் சாதனம்போல எதிரே தோன்றும். லினக்ஸில் அது ஒரு சீரியல் போர்ட்டாகக் கிடைக்கிறது. அதற்கு மேல் எதுவும் செய்ய முடியாது. இன்டெலின் சில சிப்களில் முழு யூடிசியே உண்டு, ஆனால் பயாஸில் அணைத்து வைக்கப்பட்டிருக்கும். ஆக, இந்தக் கட்டுரையில் 'லினக்ஸ் கணினி' என்பதற்குப் பெரும்பாலும் சின்ன போர்டு என்றே பொருள்: பீகிள்போன், ஜெட்சன், எல்லாவற்றுக்கும் மேலாக ராஸ்பெரி பை.

எல்லா ராஸ்பெரி பையும் அல்ல என்பதுதான் பலரைக் கவிழ்க்கும் இடம். பை 3 மாடல் பி-யில் முதன்மைச் சிப்பிலிருந்து வரும் ஒரே யூஎஸ்பி தடம் நேராக ஹப்பும் ஈதர்நெட்டும் சேர்ந்த இன்னொரு சிப்புக்குள் போய்விடுகிறது. ஹப் வழியே சாதனமாக முடியாது. ஹப் இல்லாத சிக்கன மாடல்களில்தான் அது நேராக வெளியே வருகிறது: மாடல் ஏ, 3ஏ+, ஜீரோ வகைகள். விலை ஏற ஏற வசதி கூடும் என்ற பொதுவிதி இங்கே தலைகீழ். 2015 நவம்பரில் 5 டாலருக்கு வந்து, ஒரு பத்திரிகையின் அட்டையில் ஒட்டி இலவசமாகவும் கொடுக்கப்பட்ட பை ஜீரோ இந்த வேலைக்கு இன்றும் சொல்லி வைத்தாற்போல் பொருந்துகிறது.

அந்த ஜீரோவோடு ஒரு மாலைப்பொழுதை நான் தொலைத்த கதை இது. அதில் அச்சில் வார்த்தாற்போல இரண்டு மைக்ரோ யூஎஸ்பி துளைகள் அருகருகே இருக்கும். ஓரத்தில் இருப்பது மின்சாரத்துக்கு மட்டும். நடுப்பக்கம் இருப்பதில்தான் தகவல் தடம் உண்டு. இரண்டில் எதைச் செருகினாலும் பச்சை விளக்கு எரியும், போர்டு விழித்துக்கொள்ளும். எனக்குத் துளை சரியாகத்தான் இருந்தது. கேபிள்தான் பழைய ஸ்பீக்கரோடு வந்த, உள்ளே இரண்டே கம்பி உள்ள சார்ஜிங் கேபிள். விளக்கு எரிகிறது, கணினியில் சத்தமே இல்லை. அமைப்புக் கோப்பை ஏழெட்டு முறை திருத்தி, மெமரி கார்டை மறுபடி எழுதி, கெர்னல் பதிப்பைக் குறை சொல்லி, கடைசியில் போன் கேபிளை உருவி மாட்டியதும் இரண்டே நொடியில் புதிய நெட்வொர்க் கார்டு தோன்றியது. அன்றிலிருந்து கேபிளைச் சோதித்த பிறகே மற்றவற்றைத் தொடுகிறேன்.

யார் ஹோஸ்ட், யார் சாதனம் என்பதை ஆரம்பத்தில் கேபிளின் முனையே தீர்மானித்தது. தட்டை முனை கணினிக்கு, சதுர முனை பிரிண்டருக்கு. 2001-ல் வந்த ஓடிஜி விதி, சின்ன முனைகளில் ஐந்தாவதாக ஒரு பின்னைச் சேர்த்து, அது தரையோடு இணைந்திருந்தால் நீ ஹோஸ்ட், இல்லாவிட்டால் சாதனம் என்றது. டைப்-சி வந்தபின் இரு முனையும் ஒன்றாகிவிட, அடையாளம் ரெசிஸ்டருக்குப் போயிற்று. சாதனமாக இருக்க விரும்புவது தன் இரண்டு சிசி பின்களிலும் தனித்தனியாக 5.1 கிலோ ஓம் ரெசிஸ்டர் வைக்க வேண்டும். 2019-ல் வந்த ராஸ்பெரி பை 4-ன் முதல் போர்டில் இரண்டு பின்னுக்கும் சேர்த்து ஒரே ரெசிஸ்டரை வைத்துவிட்டார்கள். அதனால் உயர்ரக கேபிளில், உள்ளே அடையாளச் சிப் உள்ளவற்றில், சார்ஜர் அந்தப் போர்டை ஹெட்போன் மாற்றி என்று நினைத்து மின்சாரமே தர மறுத்தது. சாதாரண மலிவு கேபிளில் வேலை செய்தது. அடுத்த திருத்தத்தில் சரி செய்துவிட்டார்கள். பை 4, பை 5 இரண்டிலும் சாதனமாகும் வசதி அந்த டைப்-சி துளையில்தான் இருக்கிறது, மின்சாரமும் அதே வழியில்தான். பை 4-க்குப் பரிந்துரைக்கப்படுவது 3 ஆம்பியர். மடிக்கணினியின் போர்ட் ஒன்று அவ்வளவு தரும் என்று எதிர்பார்ப்பது பேராசை.

இனி கெர்னல். சாதனப் பக்கத்துக்கான லினக்ஸ் கட்டமைப்பை எழுதியவர் டேவிட் பிரவுனெல். 2003 வாக்கில், 2.6 வரிசை பிறந்த காலத்தில், அது கெர்னலுக்குள் வந்தது. அன்று அது பிடிஏக்களையும் கைக்கணினிகளையும் மனத்தில் வைத்துச் செய்யப்பட்டது. அவர் 2011-ல் காலமானார். அவர் வகுத்த மூன்றடுக்குப் பிரிவு இன்றும் அப்படியே நிற்கிறது. கீழே சிப்புக்கான டிரைவர். நடுவே பொதுவான இடைமுகம். மேலே 'நான் நெட்வொர்க் கார்டு', 'நான் பென் டிரைவ்' என்று வேடம் போடும் பகுதி. சிப் மாறினாலும் வேடம் மாறாது.

அந்தக் கால வேடங்கள் தனித்தனி மாட்யூல்களாக இருந்தன. ஜி_ஈதர் ஏற்றினால் நெட்வொர்க் கார்டு, ஜி_சீரியல் ஏற்றினால் சீரியல் போர்ட், ஜி_மாஸ்_ஸ்டோரேஜ் ஏற்றினால் டிஸ்க். ஒரு வரியில் முடிந்துவிடும் என்பதால் இன்றைக்கும் அவசரத்துக்கு இவைதான். பை ஜீரோவில் கன்ஃபிக் கோப்பில் டிடபிள்யூசி2 ஓவர்லேயைச் சேர்த்து, துவக்க வரியில் டிடபிள்யூசி2, ஜி_ஈதர் இரண்டையும் ஏற்றச் சொன்னால் போதும். ஆனால் ஒரே நேரத்தில் நெட்வொர்க் கார்டாகவும் விசைப்பலகையாகவும் இருக்க வேண்டுமென்றால், அந்தக் கலவைக்கென்று யாராவது ஏற்கெனவே மாட்யூல் எழுதியிருக்க வேண்டும். 2013 வாக்கில் வந்த கன்ஃபிக்எஃப்எஸ் முறை இதை உடைத்தது. வேடத்தைத் தைத்துக் கொடுப்பதற்குப் பதிலாகத் துணியும் ஊசியும் நம் கையில் கொடுத்தது.

இது வேலை செய்யும் விதத்தைப் பக்கத்திலிருந்து பார்க்க வேண்டும். கெர்னல் கன்ஃபிக் பகுதியில் 'யூஎஸ்பி_கேட்ஜெட்' என்ற கோப்புறைக்குள் போய் 'ஜி1' என்று ஒரு கோப்புறையை உருவாக்குகிறோம். காலியாக இருக்க வேண்டிய அது திறந்து பார்த்தால் நிறைந்திருக்கிறது: தயாரிப்பாளர் எண், பொருள் எண், பதிப்பு, எல்லாம் கோப்புகளாக. தயாரிப்பாளர் எண்ணில் லினக்ஸ் ஃபவுண்டேஷனுக்குரிய 1டி6பி என்ற பதினாறடிமான எண்ணையும், பொருள் எண்ணில் கலவைச் சாதனத்துக்குரிய 0104-ஐயும் எழுதுகிறோம். சோதனைக்கு இவை போதும். விற்கும் பொருளில் வைக்கக் கூடாது, அதற்கு யூஎஸ்பி அமைப்பிடம் கட்டணம் கட்டிச் சொந்த எண் வாங்க வேண்டும். 'ஃபங்ஷன்ஸ்' கோப்புறைக்குள் வேண்டிய வேடத்தின் பெயரில் இன்னொரு கோப்புறை. 'கன்ஃபிக்ஸ்' கோப்புறைக்குள் ஓர் அமைப்பு. வேடத்தை அமைப்போடு இணைக்க ஒரு குறியிணைப்பு. இதுவரை கேபிளில் ஒரு அசைவும் இல்லை. கடைசியாக 'யூடிசி' என்ற கோப்பில் சிப்பின் பெயரை எழுதும் அந்தக் கணத்தில், போர்டு தகவல் கம்பியில் ஒன்றை 1.5 கிலோ ஓம் வழியாக மேலே இழுக்கிறது. ஹோஸ்ட் அதைப் பார்த்துத் திரும்பி, 'யார் நீ?' என்று கேட்கிறது. 18 பைட்டில் பதில் போகிறது. கேபிளைக் கையால் செருகாமலேயே செருகிய விளைவு.

கழற்றுவதற்கு அதே கோப்பைக் காலியாக்கினால் போதும். ஆனால் கட்டியதைப் பிரிக்கும்போது தலைகீழ் வரிசையில்தான் போக வேண்டும். ஒட்டுமொத்தமாக அழிக்கும் கட்டளையைக் கொடுத்தால் கெர்னல் ஒவ்வொரு கோப்புக்கும் முடியாது, முடியாது என்று திரை நிறையச் சொல்லும்.

இதற்குள் நம்மவர்க்கு மட்டும் சுவை தரும் ஒரு மூலை இருக்கிறது. சாதனத்தின் பெயர், தயாரிப்பாளர் பெயர் இவற்றை மொழி எண்ணுக்குக் கீழே எழுத வேண்டும். எல்லாச் செய்முறையிலும் 409 என்றிருக்கும். அது அமெரிக்க ஆங்கிலம். யூஎஸ்பியின் மொழிப் பட்டியலில் தமிழுக்கும் எண் உண்டு: 449. அந்தக் கோப்புறையை மட்டும் வைத்து, பொருளின் பெயரில் 'எழுத்தாணி' என்று எழுதி இணைத்தேன். எதிரே இருந்த லினக்ஸ் கணினியில் அந்தச் சாதனத்தின் பெயர்க் கோப்பைத் திறந்தால் தமிழிலேயே நிற்கிறது. பெயருக்குக் கெர்னல் ஒதுக்கும் இடம் 126 பைட்டு. தமிழ்க் குறி ஒவ்வொன்றும் 3 பைட்டு பிடிக்கும், புள்ளியும் உயிர்மெய்க் குறியும் தனித்தனிக் கணக்கு. ஆகவே 42-க்குள் முடித்துக்கொள்ள வேண்டும். 409-ஐக் கண்ணை மூடிக்கொண்டு கேட்கும் ஹோஸ்ட்டுகளும் உண்டு என்பதால், விளையாட்டு முடிந்ததும் ஆங்கிலப் பெயரையும் சேர்த்துவைப்பது நல்லது.

வேடங்களில் அதிகம் பயன்படுவது நெட்வொர்க் கார்டு. மானிட்டரும் வைஃபையும் இல்லாத போர்டுக்குள் நுழைய ஒரே கேபிளில் மின்சாரமும் பாதையும் கிடைக்கிறது. பீகிள்போன் பிளாக் 2013-லேயே இப்படித்தான் வந்தது, செருகினால் 192.168.7.2 என்ற முகவரியில் காத்திருக்கும். சிக்கல் எதிர்ப்பக்கத்தில். யூஎஸ்பி வழி ஈதர்நெட்டுக்கு ஒரே மொழி கிடையாது. மைக்ரோசாஃப்டின் ஆர்என்டிஐஎஸ், பொதுத்தரமான ஈசிஎம், அதன் வேகமான தம்பி என்சிஎம் என்று மூன்று. நெடுங்காலம் விண்டோஸ் முதலாவதைத்தான் அறியும், மேக் அதை அறியாது. அதனால் இரண்டையும் சேர்த்து வைத்து, எதிரே யார் என்று பார்த்துக் காட்டும் ஜோடனைகள் தேவைப்பட்டன. ஆர்என்டிஐஎஸ்-ஐப் பாதுகாப்பாக எழுத முடியாது, கெர்னலில் அதை முடக்கிவிடலாம் என்று 2022 நவம்பரில் கிரெக் குரோவா-ஹார்ட்மேன் ஒரு பேட்ச்சே அனுப்பினார். விண்டோஸ் 11-ல் என்சிஎம் டிரைவர் கூடவே வருகிறது. இன்று புதிதாகத் தொடங்குபவர் என்சிஎம் போதும் என்று நிம்மதியாக இருக்கலாம் என்பது என் கருத்து. ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது: நெட்வொர்க் கார்டின் மேக் (MAC) முகவரியை நாமே எழுதிவைக்காவிட்டால் ஒவ்வொரு முறையும் கெர்னல் புதிதாக ஒன்றைக் கற்பனை செய்யும். விண்டோஸ் ஒவ்வொரு முறையும் புதுக் கார்டு வந்ததாக எண்ணி, பட்டியலில் வரிசையாக எண் போட்டுக்கொண்டே போகும்.

பென் டிரைவ் வேடம் பார்க்க எளிது, ஏமாற்றுவது அதிகம். ஒரு பெரிய கோப்பை டிஸ்க்காகக் காட்டுகிறோம்; ஹோஸ்ட் அதில் எழுதுகிறது. அதே கோப்பை நம் பக்கமும் மவுன்ட் செய்து, எழுதியதை உடனே படிக்கலாம் என்று எல்லோருக்கும் தோன்றும். கூடாது. இங்கே பரிமாறப்படுவது கோப்புகள் அல்ல, வெறும் தொகுதிகள். டிஸ்க்கின் அட்டவணை தன் ஒருவனுக்கே சொந்தம் என்ற நம்பிக்கையில் ஹோஸ்ட் அதை நினைவில் வைத்திருக்கும். இரண்டு கணக்கப்பிள்ளைகள் ஒரே பேரேட்டை ஒருவர்க்கொருவர் தெரியாமல் எழுதினால் என்ன ஆகுமோ அதுதான் ஆகும். டெஸ்லா கார்களின் கேமராப் பதிவுகளைச் சேகரிக்க ஒரு திறமூலத் திட்டம் இருக்கிறது: ராஸ்பெரி பை காருக்கு பென் டிரைவாக நடித்துப் பதிவுகளை வாங்கிக்கொள்ளும், வீட்டு வைஃபை கிடைத்ததும் அவற்றை அனுப்பிவிடும். அவர்களும் நேரடியாகப் படிப்பதில்லை. அந்தக் கோப்பின் கணநேர நகலை எடுத்து, நகலைத்தான் திறக்கிறார்கள். போன்கள் பென் டிரைவ் வேடத்தைக் கைவிட்டு, கோப்பு கோப்பாகப் பேசும் எம்டிபிக்கு மாறியதற்கும் காரணம் இதுவே.

விசைப்பலகை வேடத்தில் ஒவ்வொரு செய்தியும் 8 பைட்டு. முதல் பைட்டில் ஷிஃப்ட், கன்ட்ரோல் போன்றவை, இரண்டாவது சும்மா, மீதி ஆறில் அழுத்தப்பட்ட விசைகள். விசைப்பலகை எழுத்தை அனுப்புவதில்லை, இடத்தை அனுப்புகிறது. ஆங்கில 'ஏ' இருக்கும் விசைக்கு எண் 4. எதிரே ஆங்கிலம் இருந்தால் அது 'ஏ'. 1999-ல் தமிழக அரசு ஏற்ற தமிழ்99 அமைப்பு இருந்தால் அதே 4, 'அ'. ஆகவே சாதனத்திலிருந்து 'அ' என்ற எழுத்தை அனுப்ப வழியே கிடையாது; எதிரே தமிழ்99 இருக்கிறது என்று நம்பி 4-ஐத்தான் அனுப்ப முடியும். அனுப்பிய பிறகு எட்டுச் சுழியங்களை அனுப்பி விசையை விடுவிக்க வேண்டும். மறந்தால் ஹோஸ்ட் விசை இன்னும் அழுந்தியிருப்பதாகவே நினைத்து அஅஅஅ என்று பக்கம் நிரப்பிக்கொண்டே போகும். கணினி முழுதாக விழிக்குமுன் பயாஸ் திரையிலேயே இந்த வேடம் எடுபடுகிறது. பைகேவிஎம் திட்டம் அந்த வசதியைக் கொண்டுதான் தூரத்திலிருக்கும் சர்வரின் விசைப்பலகை, மவுஸ், சிடி டிரைவ் மூன்றுமாக ஒரு ராஸ்பெரி பையை நிறுத்துகிறது.

மற்றவை: சீரியல் வேடம் பழையது, அலங்காரமற்றது, நெட்வொர்க் சொதப்பும் நாளில் உள்ளே போக அதுதான் கதவு. ஒலி அட்டை, மிடி, பிரிண்டர் வேடங்கள் உண்டு. கேமரா வேடத்துக்குப் படத்தை ஊட்டிக்கொண்டே இருக்கும் ஒரு நிரலும் ஓட வேண்டும். ஆண்ட்ராய்டு 14 போனை வெப்கேமராக மாற்றுவது இதே அடிப்படையில்தான். இவற்றில் எதுவும் பொருந்தாதபோது ஃபங்ஷன்எஃப்எஸ் மூலம் வேடத்தைக் கெர்னலுக்கு வெளியே நாமே எழுதலாம். ஆண்ட்ராய்டு நிரலாளர்கள் அன்றாடம் பயன்படுத்தும் ஏடிபி அப்படித்தான் ஓடுகிறது. எத்தனை வேடங்களை ஒன்றாக அடுக்கலாம் என்பதற்குச் சிப்பில் உள்ள எண்ட்பாயின்ட்டுகள்தான் எல்லை. சிறு போர்டுகளில் அவை விரல்விட்டு எண்ணும் அளவே.

இவ்வளவையும் படித்தவருக்கு ஓர் உறுத்தல் வந்திருக்கும். பெயர், எண், வகை எல்லாவற்றையும் நாமே எழுதுகிறோம். ஹோஸ்ட் சரிபார்க்காமல் நம்புகிறது. 2014 ஆகஸ்டில் லாஸ் வேகாசில் கார்ஸ்டன் நோலும் யாகோப் லெல்லும் சாதாரண பென் டிரைவின் உள்நிரலை மாற்றி அதை விசைப்பலகையாகப் பேச வைத்துக் காட்டினார்கள். 'பேட்யூஎஸ்பி' என்ற பெயர் அப்போது பிறந்தது. அவர்கள் பின்னோக்கிப் பிரித்து அறிந்துசெய்ததை இன்று ஒரு பை ஜீரோவில் நான்கு கோப்புறை உருவாக்கிச் செய்துவிடலாம். யூஎஸ்பிகார்டு போன்ற தடுப்புகள் லினக்ஸில் உண்டு. அலுவலகக் கணினிகளில் அவற்றைப் போட்டுவைத்தவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. ஆபத்து ஒருவழிப் பாதையும் அல்ல. ஹோஸ்ட் கேட்கும் தகவலின் நீளத்தைச் சாதனப் பக்கக் கெர்னல் சரிபார்க்காமல் விட்டிருந்தது 2021 டிசம்பரில் வெளியாயிற்று. 4096 பைட்டு இடத்தில் 65 ஆயிரம் பைட்டு வரை கேட்கவும் திணிக்கவும் முடிந்தது. சார்ஜ் போட நீட்டிய கேபிளின் மறுமுனையைச் சாதனமும் நம்பியிருந்தது.

ஹோஸ்ட் டிரைவர்களின் இந்த வெகுளித்தனத்தைச் சோதிப்பதற்கென்றே 2020-ல் ரா கேட்ஜெட் என்ற பகுதி கெர்னலில் சேர்ந்தது. எழுதியவர் ஆந்த்ரேய் கொனவாலொவ். விதிக்குள் அடங்காத பதில்களைச் சாதனமாக இருந்து அனுப்பி, ஹோஸ்ட் தடுமாறுகிறதா என்று பார்ப்பது அதன் வேலை. அவர் அதற்கு முன்பே இந்த வழியில் லினக்ஸின் யூஎஸ்பி டிரைவர்களில் பிழைகளை டஜன் கணக்கில் வெளியே இழுத்திருந்தார். ஆயிரக்கணக்கான முறை செருகிக் கழற்ற வேண்டிய அந்தச் சோதனைக்கு உண்மையான கேபிள் எதுவும் தேவைப்படவில்லை. டம்மி_எச்சிடி என்றொரு மாட்யூல் உண்டு. ஒரே கணினிக்குள் ஒரு பொய் யூடிசியையும் ஒரு பொய் ஹோஸ்ட்டையும் உருவாக்கி இரண்டையும் கோத்துவிடும்.

போர்டு வாங்காமல் பழக நினைப்பவர்களுக்கும் அதுவே வழி. சில விநியோகங்களின் கெர்னலில் அது சேர்க்கப்பட்டிருக்காது, தனியே தொகுத்துக்கொள்ள வேண்டியிருக்கும். ஏற்றிவிட்டு, மேலே சொன்னபடி கோப்புறைகளைக் கட்டி, யூடிசி கோப்பில் டம்மியின் பெயரை எழுதிவிட்டு எல்எஸ்யூஎஸ்பி என்று தட்டுங்கள். உங்கள் மடிக்கணினியில் செருகப்பட்ட சாதனங்களின் வரிசையில் உங்கள் மடிக்கணினியும் இருக்கும்.